ராகுகாலத்துக்கு முந்திப் புறப்பட்ட கார்

அந்தத் தை மாதத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எனக்குக் கார் ஓட்டும் சோதனை. ஏற்கனவே இரண்டு தரம் கோட்டை விட்டவள் நான். அஜக்ஸ் என்ற பக்கத்து ஊரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை சரிவந்திருந்தது. அடுத்த திங்கள் தொடங்க வேண்டும், அதுவும் விடியற்காலை ஐந்து மணிக்கு. அந்த நேரத்தில் நாங்கள் இருந்த மோர்னிங்சைட்டிலிருந்து அங்கே போகப் பஸ் கிடையாது. லைசென்ஸ் கிடைக்காவிட்டால் வேலையும் கிடையாது.

சனியன் எங்கே வந்ததென்றால், திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். வீட்டிலிருந்து எட்டரைக்காவது வெளிக்கிட வேண்டும். விடுவேனா? ஏழு இருபதுக்கே கீழே போய்க் காரை ஸ்டார்ட் செய்து, இரண்டடி முன்னே நகர்த்தி, பயணம் தொடங்கிவிட்டது என்று கடவுளுக்கு அறிவித்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டபடியே மேலே வந்து தேத்தண்ணி குடித்தேன். நிற்பாட்டினால் பயணம் முறிந்துவிடுமே!

மகளுக்கு அப்போது பத்து வயது. பூமி ஏன் சூடாகிறது என்று பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய மட்டையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். நிலக்கரி, தொழிற்சாலை, எரியும் காடு எல்லாம் வந்துவிட்டன. ஜன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, காரை ஓஃப் பண்ணுங்கோ. அந்தப் புகை மேல போய்ப் பூமியைப் போர்வை மாதிரி மூடுமாம். டீச்சர் சொன்னவா."

"உந்தக் குளிருக்கு ஒரு போர்வை நல்லதுதானே பிள்ளை!"

"அம்மா, இட்ஸ் நொட் ஃபணி."

சொன்னதோடு நிற்கவில்லை. காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் காரையும் கீறினாள், கறள் பிடித்த கதவோடு. பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

சோதனையில் எல்லாம் சரியாகத்தான் போனது. இடப்பக்கம் திரும்பும்போது, நடுச்சந்தியில், கார் ஒரு முனகலோடு செத்துப்போனது. பரிசோதகர் பெற்றோல் முள்ளைப் பார்த்தார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சும்மா ஓடியதில் இருந்த கொஞ்சமும் புகையாய்ப் போயிருந்தது. ஏன் என்று கேட்டார். சூரியனை விழுங்க வரும் பாம்பைப் பற்றி என் இங்கிலீசில் விளக்கினேன். அவர் நெடுநேரம் எழுதினார்.

ஃபெயில். கவுன்டருக்கு முன்னால் நின்று விக்கி விக்கி அழுதேன்.

"அழாதையுமப்பா, நல்ல நேரத்திலதானே வெளிக்கிட்டனாங்கள்" என்றார் கூட வந்திருந்த என் கணவர். அந்த மனிசனை என்ன செய்வது!

கவுன்டரில் இருந்த பெண் இரங்கி, யாரோ ரத்துச் செய்த ஓர் இடத்தைத் தேடித் தந்தாள். புதன்கிழமை, பன்னிரண்டரை. சுத்த ராகுகாலம். சரியென்று தலையாட்டினேன். புதன் பன்னிரண்டு பத்துக்குத்தான் சாவியைத் திருப்பினேன். பாஸ்!

பிறகு எத்தனையோ வருடம் 401 நெடுஞ்சாலையில் தனி ஆளாக அஜக்ஸ் போய் வந்தேன். நாளாந்தம் நான் விட்ட புகைக்கு முன்னால் அந்த ஒரு மணித்தியாலம் எந்த மூலைக்கு? அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, மகள்கூட. அவளுடைய நீச்சல் வகுப்புக்கும் அந்தக் காரில்தானே போக வேண்டும்.