மூன்றாம் மாடி விசில்

ஒரு நாயின்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. சாதாரணப் பொறாமை இல்லை, வயிற்றெரிச்சல். ஹாஸ்டலில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஜெஸ்ஸைப் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. துபாயில் சத்வாவில், தையல்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், ஒற்றை ரூமில் அப்பா, அம்மா, நான். அப்பா ஓர் அரபி முதலாளியிடம் டிரைவர். டூட்டி முடிந்து வந்ததும் தெருவில் நின்று, விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பார். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. நான் செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடிப் பையை வாங்கிக்கொள்வேன். அதே மாதிரி அடிக்க எனக்கும் வரும். பொம்பளப் பிள்ளைக்கு என்ன விசில் என்று அம்மா திட்டுவாள். கட்டடத்தில் எத்தனையோ பிள்ளைகள் இருந்தார்கள். அந்த விசில் எனக்கு மட்டும்தான்.

முதலாளி ஒரு கோடைக்கு ஸ்காட்லாந்து போய்வந்தார். சாக்லேட் வாங்கி வந்திருக்கலாம். அவரோ ஜெஸ் என்ற ஆடு மடக்கும் நாய் ஒன்றையும், அதை வளர்த்த ஆட்டுக்காரத் தாத்தாவையும் வரவழைத்தார். ஊருக்கு வெளியே, மணலுக்கு நடுவே அவருக்கு ஒரு தோட்டம், அதில் நாற்பது செம்மறி. குளிர்காலம் முடியும்வரை தாத்தா தங்கி வேலை பழக்கித் தருவதாக ஏற்பாடு. அவரைத் தினமும் தோட்டத்துக்குக் கூட்டிப்போவது அப்பாவின் டூட்டி.

தாத்தா துபாயிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றவில்லை. அவர் தடிக்குக் கிடாக்கொம்பில் கைப்பிடி. கொம்பைச் சுடவைத்து இளக்கி அவரே வளைத்தாராம். அவர் ஊரில் ஆட்டுக்காரர் இந்த மலையில் நின்று விசில் அடிப்பாராம், நாய் மழையிலும் மூடுபனியிலும் அந்த மலைக்கு ஓடி, ஆடுகளை வளைத்து இறக்கிக் கொண்டுவருமாம். தாத்தாவின் இங்கிலீஷ் அப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது, விசில் முழுசாகப் புரிந்தது. இடப்பக்கம் சுற்ற ஒன்று, வலப்பக்கம் சுற்ற ஒன்று, படுக்க ஒன்று. வேலை முடிந்து 'போதும், என்கிட்ட வா' என்று கூப்பிட மட்டும் அவரவருக்கென்று ஒரு விசில் வைத்துக்கொள்ளச் சொன்னாராம்.

அப்பா எதை வைத்தார் தெரியுமா? என்னுடையதை.

ஒரு சனிக்கிழமை என்னையும் தோட்டத்துக்குக் கூட்டிப்போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அப்பா விரலை வாயில் வைத்து அடித்ததும் வழக்கம்போல ஓட ஆரம்பித்தேன். என்னைத் தாண்டிப் பறந்துபோய் அந்தக் கறுப்புவெள்ளைச் சனியன் அப்பா காலை உரசி உட்கார்ந்தது. அப்பா அதன் தலையைத் தடவினார்.

வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று சண்டை பிடித்தேன். என் விசிலை ஏன் நாய்க்குக் கொடுத்தீங்க என்று கேட்டேன். "வேற விசில் எனக்கு வர மாட்டேங்குதுத்தா" என்றார். பச்சைப் பொய். அம்மா பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். லீவுக்கு ஊருக்குப் போக இப்போதே என்ன அவசரம் என்று அவள்மேலும் எரிந்து விழுந்தேன்.

தாத்தா கிளம்புவதற்கு முன் முதலாளி விருந்தாளிகளைக் கூப்பிட்டு ஒரு பரீட்சை வைத்தார். தோட்டத்தில் ஆடு பார்க்கும் கான் பாயும் நாயைப் பழக்கியிருந்தார். யார் விசிலுக்கு அது ஆடுகளைச் சிதறவிடாமல் பட்டியில் அடைக்கிறதோ, நாய் அவரோடு. அப்பா திருவிழாவுக்குப் போவதுபோல இஸ்திரி போட்ட சட்டையில், என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் ரூமில் நாய்க்கு இடமேது, இவருக்கு எதற்கு இந்த ஆசை? அப்பா தோற்க வேண்டும் என்று தெரிந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டேன்.

கான் பாய்க்கு இரண்டு ஆடுகள் பிரிந்து ஓடின. அப்பாவுக்கு ஒன்றுகூடப் பிரியவில்லை. மொத்த மந்தையும் பட்டி வாசலை நெருங்கிவிட்டது. சாமிகளை நம்பிப் பயனில்லை என்று, தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நின்று நானே விரலை வாயில் வைத்தேன். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

ஜெஸ் அப்பாவை ஒருதரம் பார்த்தது. பிறகு ஆடுகளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து என் காலை உரசி உட்கார்ந்தது. ஆடுகள் திசைக்கொன்றாகப் போயின. விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாத்தா தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். முதலாளி கலாஸ், முடிந்தது என்றார். நாய் கான் பாயோடு போயிற்று.

வண்டியில் அப்பா திட்டவில்லை. வெகுதூரம் வந்தபிறகு, "ஏன்த்தா?" என்று மட்டும் கேட்டார்.

"அது என்னோட விசில்."

"ஆமா, ஒன்னோடதுதான்" என்றார். ஜெயித்த திருப்தியில் நான் அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் அம்மாவும் நானும் ஊருக்கு வந்தோம். அது லீவு இல்லை, எங்கள் இருவரின் விசாவையும் முடித்து அனுப்பிவிட்டார்கள் என்பது ராமநாதபுரத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா சத்வா ரூமைக் காலி செய்துவிட்டுத் தோட்டத்தில் தகரப் பெட்டி மாதிரி நின்ற போர்ட்டா கேபினுக்குப் போய்விட்டார். அங்கே தனியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரியும். அந்த விசிலுக்கு ஓடி வர ஒரு உயிரை அவர் பழக்கிக்கொண்டிருந்தார் என்பது ஒன்பது வயது மண்டைக்கு எட்டவில்லை.

ஒருநாள் சாயங்காலம் வீடியோ காலில் அப்பா சும்மா அந்த விசிலை அடித்தார். நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்து போனைப் பிடுங்கினேன். அவருக்குப் பின்னால் கேபின் கதவு திறந்திருந்தது. நாய் எங்கே என்று கேட்டேன். கான் பாய் ரூமில் என்றார். என் விசில் அதற்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

திரும்பி ஒருதரம் வெறும் வாசலைப் பார்த்தார்.

"மறந்துருச்சுத்தா" என்றார்.

எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம்.