டேப்பின் மறுமுனை

நம்பினால் நம்புங்கள். ஆனால் ஜோசலின் டீச்சர் கணக்கு டீச்சர். அரை அங்குலத்தைக்கூடக் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை. போன டிசம்பரில், பீர்க்கன்கரணையில், பகல் மங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்கு நடந்தது இது.

டீச்சருக்கு நாற்பத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு ஊரப்பாக்கத்து வாடகை வீட்டில் தனி ஆள். கான்ட்ராக்டர் யாரும் வைக்காமல், செங்கல்லும் மணலும் தானே வாங்கிப் போட்டு, குமரவேல் மேஸ்திரியின் ஆட்களைக் கொண்டு இரண்டு வருடத்தில் பீர்க்கன்கரணையில் ஒரு மாடி வீட்டை எழுப்பிவிட்டார். ஸ்கூல் விட்டு அவர் வந்து சேரும்போது வேலையாட்கள் கிளம்பியிருப்பார்கள். எழும்பிய சுவரை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

மேலே வீடு, கீழே ட்யூஷன் சென்டர். சென்டர் வருவதால் நிறைவுச் சான்று வாங்கியே ஆகவேண்டும். சான்று இல்லையென்றால் நிரந்தரக் கரண்ட் கனெக்ஷன் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. வியாழன் டீச்சர் லீவு போட்டார். வீட்டைச் சுற்றிக் கிடந்த செங்கல் துண்டுகளை அள்ளினார். மழைநீர்த் தொட்டியின் மூடியைத் தேய்த்துக் கழுவினார். மாடிப்படிக் கைப்பிடியை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். மிச்சம் இருந்தது அளவு மட்டும்தான். வரைபடத்தில் உள்ள அளவுதான் வீட்டிலும் இருக்கவேண்டும். கூடினால் வம்பு.

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை.

3.40க்கு மேஸ்திரிக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. 4.15க்கு மறுபடி. எடுக்கவில்லை.

சரி என்று டேப்பின் நுனியை ஒரு செங்கல்லுக்கு அடியில் சொருகிவிட்டு, எதிர்ச் சுவருக்கு நடந்துபோய் இழுத்தார். செங்கல் சரிந்தது. டேப் சர்ரென்று சுருண்டு வந்தது. திரும்ப நடை. திரும்ப செங்கல். கீழ்த்தளத்தில் ஒவ்வொரு சுவருக்கும் நாலு நடை. ஒரு வீட்டையே கட்டியாயிற்று, இதைப் பிடிக்க ஒரு கை இல்லையே என்று தோன்றியதாம்.

5.25. மாடியில் வடக்கு அறைக்கு வந்தார். வானம் மூடியிருந்தது. மேலே பல்பு போடவில்லை. அறையின் வடக்குக் கோடி ஒரே இருட்டு. நுனியைச் செங்கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து இழுத்தார்.

சரியவில்லை.

முதல் தடவையிலேயே கச்சிதமாக நின்றது. அப்பாடா என்று அளவைப் பார்த்தார். பதினொன்றே முக்கால் அடி.

வரைபடத்தில் பத்தே முக்கால்.

ஒரு அடி கூடுதல்! மறுபடி இழுத்துப் பார்த்தார். அதே பதினொன்றே முக்கால். நாளைக்கு என்ன சொல்வது? போன் டார்ச்சைப் போட்டு டேப்பின் நீளத்துக்கும் வெளிச்சம் பிடித்தார்.

செங்கல் எப்போதோ சரிந்து கிடந்தது.

அதற்கடியில் எதுவும் இல்லை.

டேப் தரையிலும் இல்லை… இவர் இடுப்பு உயரத்தில் பிடித்திருந்தார். அந்தப் பக்கமும் இடுப்பு உயரம். நேராக, விறைப்பாக… சுவர் வரைக்கும் போயிருந்தது.

நுனிக் கொக்கியைத் தேடினார்.

தெரியவில்லை. டேப் சுவருக்குள் புகுந்து மறைந்திருந்தது.

5.38. தூரத்தில் ரயில் ஹாரன். பிறகு அதுவும் ஓய்ந்தது.

டேப் ஒரு அங்குலம் அந்தப் பக்கம் நகர்ந்தது.

டிக்.

"யாரு?"

யாரோ மூச்சு வாங்குகிற மாதிரி… ரொம்ப நேரம் நின்று களைத்துப்போன மாதிரி…

போனில் 5.41. அழுகையும் பயமுமாக வாய் தானாகச் சொன்னது:

"போதும்மா… விட்டுடு."

சர்ர்ர்ர்…

டக்.

கொக்கி அவர் கட்டைவிரலில் வந்து இடித்தது. இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

வியர்வை ஈரம்.

கதவைக்கூடப் பூட்டாமல் ஓடினார்.

மறுநாள் அதிகாரி வந்தார். வடக்கு அறையை அவருடைய உதவியாளர் அளந்தார்.

"பத்தே முக்கால். கரெக்டா இருக்கு மேடம்."

"சார்… இன்னொரு தடவை பாருங்களேன்."

"எத்தனை தடவை பார்த்தாலும் அதேதான் மேடம். ஏன் பயப்படுறீங்க? எல்லாம் ஓகே."

டீச்சர் அந்த வடக்குச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். முக்கால் அடிச் சுவர். ஒரு அடி கூடுதல் என்றால் சுவரைத் தாண்டி வெளியே… தரையிலிருந்து ஒரு மாடி உயரத்தில். கால் வைக்க அங்கே ஒன்றுமே இல்லை.

மதியம் குமரவேல் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, உன்னாண்ட ஒண்ணு மறச்சிட்டேன். ஆகஸ்ட்ல வடக்கு செவுத்துக்கு வெளிப்பூச்சு பூசசொல்ல, சாரத்துல பலகை நழுவி ஒரு பொண்ணு வுழுந்துட்சு. அமலராணின்னு பேரு, சித்தாள். போலீசு கீலீசு வந்தா வேலைய நிறுத்திடுவாங்கன்னு பயந்து ஆஸ்பத்திரில சேத்துட்டு வுட்டுட்டேன். அப்பலேர்ந்து நெனவே இல்ல."

டீச்சர் அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

"அவங்க… என்ன வேலை பண்ணுவாங்க?"

"கலவை தூக்கும். நான் அளவு எடுக்கசொல்ல அந்தாண்ட நின்னு டேப் புடிக்கும்."

டீச்சர் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து போய்ட்டுதுக்கா. நீ போன் பண்ணசொல்ல நான் ஆஸ்பத்திரிலதான் இருந்தேன்."

"எத்தனை மணிக்குப் போனாங்க மேஸ்திரி?"

"அஞ்சே முக்காலுக்கு ரெண்டு மூணு நிமிசம் இருக்கும். நாலு மாசமா அசையாத பொண்ணுக்கா… திடீர்னு கைய தூக்கி எதையோ புடிச்சிகினு கீது. நர்சம்மா இறக்கி வுட்டா இறங்கல. கால் மணி நேரம் அப்டியே. வேர்த்துக் கொட்டுது. அப்புறம் யாரோ இன்னாவோ சொன்ன மாரி கண்ண தொறந்து, 'சரிக்கா'ன்னுச்சு. அவ்ளோதான். கை வுழுந்துட்சு."