கையில் காப்பு இருக்கும்வரை

ஆடி மாதத்தில் மட்டும்தான் எங்கள் வீடு வீடாக இருக்கும். எங்கள் ஊரான உடப்பில் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், தீ மிதிக்கிறவர்கள் மீன் மச்சம் தொட மாட்டார்கள், குடிக்க மாட்டார்கள். அப்பா வருடம் தவறாமல் தீ மிதிப்பார். மஞ்சள் நூல் மணிக்கட்டில் ஏறிய அன்றே கசிப்புச் சாராயப் போத்தல் வீட்டைவிட்டு வெளியேறிவிடும். அப்பா குடிக்காவிட்டால் அம்மாவும் குடிக்க மாட்டாள். ஒருகாலத்தில் அவரைத் திட்டித் தீர்த்தவள்தான். பிறகு அவரோடு குந்தியிருந்து குடிக்கப் பழகிவிட்டாள். நல்ல சோடி!

அந்த நாட்களில் அம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிவிடுவாள். நான்கு வயதுத் தம்பி அப்பாவின் மடியைவிட்டு இறங்கவே மாட்டான். மற்ற மாதங்களில் அவனைக் குளிப்பாட்டுவதும், கடையில் ஒரு துண்டு பாணுக்குக் கெஞ்சி நிற்பதும் நான்தான். எனக்கும் அப்போது பதினொரு வயதுதான்.

தீமிதிப்பு முடிந்ததும் காப்பை அவிழ்ப்பார்கள். அன்று பின்னேரமே அப்பாவின் கூட்டாளிகள் வாசலில் வந்து நிற்பார்கள். ஊருக்குக் கொண்டாட்டம், நான் மறுபடி கடை வாசலில் போய் நிற்கவேண்டும். அந்த வருடம் காப்பு அவிழ்க்க அவர் கிளம்பியபோது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, அவிழ்க்காதீங்க. அது கையில கிடக்கட்டும்."

"இதென்ன கதை? எல்லாரும் அவிழ்க்கிற நாள்தானே."

"நீங்க அவிழ்க்காதீங்க. தம்பிக்காகவாவது."

அவர் தம்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஓம் மகள்," என்றார்.

சொன்னபடியே காப்போடு திரும்பி வந்தார். மறுநாள் முழுக்கக் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். "என்னடாப்பா, சாமியாராப் போறியா?" என்று கூட்டாளிகள் கேலி பண்ணியபோது சிரித்துச் சமாளித்தார். காப்போடு மச்சம் ஆகாது என்று அம்மா பருப்பும் சொதியும் ஆக்கினாள். அட, இவ்வளவுதானா, போன வருடமே கேட்டிருக்கலாமே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கு அடுத்த நாள் தேங்காய் வாங்கக் கடைக்குப் போய் வந்தேன். தம்பி தன்னந்தனியாக வாசலில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் கையை உயர்த்திக் காட்டினான். மெலிந்த மணிக்கட்டில் அப்பாவின் மஞ்சள் நூல் இரண்டு சுற்றாகச் சுற்றி முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

"அப்பா கட்டிவிட்டாரு அக்கா! இனி கோயில் அம்மாள் என்னைப் பாத்துக்கொள்ளுவாவாம்."

"அம்மா எங்கடா?"

"அப்பாவோட போயிட்டா."

எங்கே போனார்கள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. குடிக்கிற கையில் காப்பு இருந்தால் அம்மாளுக்கு ஆகாது. அதனால் பயபக்தியோடு கழற்றிப் பிள்ளைக்குக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அம்மாளுக்குப் பயந்ததில் கால்வாசி பெற்ற பிள்ளைகளுக்குப் பயந்திருந்தால்! பாழாய்ப்போன மனிசன் என்று வாய்விட்டே கத்தினேன். நான் நூலைப் பிடுங்கிவிடுவேன் என்று நினைத்துத் தம்பி மற்றக் கையால் அதைப் பொத்திக்கொண்டான்.

நான் பிடுங்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து, "பசிக்குது அக்கா," என்றான்.

"அம்மாளிட்டக் கேள்," என்று வாய்வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு அடுப்பை மூட்டினேன்.