கறுப்பு பானட்டில் விழுந்த வலை

சின்னக்கருப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பெரும்பாறையில் எஸ்டேட் கூலிக்காரர் வீட்டில் பிறந்தவர். ஆரஞ்சு ஏற்றும் ஜீப்பில் கிளீனராகத் தொடங்கி, இருபத்தாறு வருடமாக மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறார். இத்தனை வருடத்தில் அவர் கையில் இருந்த எந்த வண்டியிலும் ஒரு கோடு விழுந்ததில்லை. இதை அவரே சொல்வார். நாம் கேட்காவிட்டாலும் சொல்வார். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நான் ரிசப்ஷன் பார்க்கிற லாட்ஜில் அவர்தான் டிரைவர்.

போன கார்த்திகையில் எங்கள் முதலாளியம்மா சண்முகசுந்தரி புது கார் வாங்கினார். நல்ல கறுப்பு. திண்டுக்கல்லில் டெலிவரி எடுத்ததும், பழனி அடிவாரத்தில் பூஜை போட்டு மேலே கொண்டுவரும்படி சின்னக்கருப்பனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அம்மா திண்டுக்கல்லிலேயே மகள் வீட்டில் தங்கிவிட்டார். வண்டி மலையேறி லாட்ஜ் வாசலில் வந்து நின்றபோது இருட்டிவிட்டது. மறுநாள் பிடித்த மூடுபனி மூன்று நாள் விலகவில்லை. பத்தடி தள்ளி நின்றால் வண்டியே தெரியாது.

நாலாம் நாள் வெள்ளனே வெயில் அடித்தது. காபி டம்ளரோடு வாசலுக்குப் போன சின்னக்கருப்பன் அப்படியே நின்றுவிட்டார். என்னவோ ஏதோ என்று நானும் ஓடினேன். வண்டியின் முன்பக்க பானட் முழுக்கச் சிலந்தி வலை கட்டினதுபோல மெல்லிய கீறல்கள். விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. என் நிழல் விழுந்த இடத்தில் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. நகர்ந்தால், வெயில் பட்ட இடத்தில் நூல் நூலாக மின்னியது. அவர் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து காபி செருப்பில் ஊற்றியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

வாட்ச்மேன் பழனிக்குமார்தான் தினமும் காலையில் லாட்ஜ் வண்டிகளைத் துடைப்பார். மூன்று பிள்ளைகளின் தகப்பன், அதிர்ந்து பேசாத ஆள். சின்னக்கருப்பன் நேராக அவரிடம் போனார்.

"ஏலே பழனிக்குமாரு, எதைக் கொண்டு தேய்ச்சே? தேங்கா நாரா?"

தண்ணீர் ஊற்றாமல் துணியையே வைப்பதில்லை என்று பழனிக்குமார் சொல்லிப் பார்த்தார். சின்னக்கருப்பன் காதில் ஏறவில்லை. தங்கியிருந்தவர்கள் ஜன்னலைத் திறந்து பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டார். மன்னவனூரில் பூண்டு போடுகிற எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். எழுத்து வேலை என்றால் லாட்ஜில் என்னைத்தான் தேடுவார்கள். நாலு போட்டோ எடுத்து, "வாட்ச்மேனின் கவனக்குறைவால்" என்று தொடங்கி, பிழையில்லாமல் முதலாளியம்மாவுக்கு அனுப்பிவைத்தேன். பழனிக்குமாரை இன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடச் சொல்லிப் பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

பழனிக்குமார் ஸ்வெட்டரையும் கம்பளியையும் பையில் திணித்துக்கொண்டு, பன்னிரண்டு மணி வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

நாங்கள் வண்டியை வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் மணிமேகலையிடம் கொண்டுபோனோம். அவர் நன்றாகக் கழுவி, ஈரம் ஒற்றி, வண்டியை நிழலில் தள்ளி ஆறவிட்டார். பிறகு பானட் ஓரத்தில் ஒரு சாண் இடத்தில் மட்டும் வெள்ளைப் பாலிஷ் பசையைப் புள்ளி வைத்து, மெத்தென்ற பஞ்சு வட்டு மாட்டிய மிஷினை மெதுவாக ஓட்டினார். துடைத்துவிட்டு டார்ச் அடித்தார். அந்தச் சாண் இடத்தில் வலை இல்லை. சின்னக்கருப்பனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பாதி பானட் முடிந்ததும் மணிமேகலை மிஷினை நிறுத்திவிட்டு வண்டியைச் சுற்றி டார்ச் அடித்துக்கொண்டே வந்தார்.

"அண்ணே, தெனமும் தொடைக்கிற ஆளு பானட்டை மட்டுமா தொடைப்பாரு? கதவு, கூரை எல்லாம் கண்ணாடியாட்டம் கெடக்கு. பானட்டுல என்ன இருந்துச்சு?"

பூஜை போட்ட திருநீற்றுப் பட்டையும் சந்தனமும் இருந்தது என்றார் சின்னக்கருப்பன். சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. அதை எடுத்தது யார் என்று மணிமேகலை கேட்க வேண்டியிருக்கவில்லை. அடிவாரத்திலேயே எல்லாம் காய்ந்துவிட்டதாம். மலையேறும் முன்னால் பானட்டைப் பளிச்சென்று ஆக்க நினைத்திருக்கிறார். தண்ணீர் ஊற்றினால் சாமி திருநீறு தரையில் ஓடி நாலு பேர் கால் படும். அதனால் புதுத் துண்டை மடித்து, ஒரு பொட்டு விடாமல், அழுத்தி, காய்ந்தபடியே துடைத்தெடுத்து, துண்டை நெற்றியில் ஒற்றிக்கொண்டிருக்கிறார்.

"ரோட்டுப் புழுதியும் அதோட சேந்திருக்கும்ல. சாம்பலைப் போட்டுத்தான் எங்க வீட்ல பித்தளைச் சொம்பே தேய்க்கிறோம்," என்றார் மணிமேகலை.

சின்னக்கருப்பன் அங்கே கிடந்த பழைய டயரில் உட்கார்ந்தார். உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவில் ஏன் கீறல் இல்லை என்று கேட்க எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே. வேலை முடியட்டும், அம்மா வருவதற்குள் வண்டி புதுசாகிவிடும், பழனிக்குமாரைப் பிறகு எதையாவது சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று மெதுவாகச் சொன்னேன்.

சின்னக்கருப்பன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மணி என்ன என்று கேட்டார். பன்னிரண்டாக இருபது நிமிடம். பானட்டில் பசை காய்வதைச் சொல்லி மணிமேகலை தடுத்தும் கேட்காமல் என்னையும் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் வத்தலக்குண்டு வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பழனிக்குமார் ஜன்னலோரம் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். சின்னக்கருப்பன் உள்ளே ஏறி அவர் முன்னால் நின்றார். நான் படியில் நின்றேன்.

"பழனிக்குமாரு, எறங்கி வாப்பா. கோடு போட்டது நாந்தான். திருநீத்தைக் காஞ்ச துண்டால தேய்ச்சு எடுத்தேன்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பழனிக்குமார் அசையவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்னண்ணே? காலையில பத்துப் பேரு கேக்கத்தான வஞ்சீங்க. அம்மாகிட்டச் சொல்லுங்க, நானும் கேக்கேன்."

சின்னக்கருப்பன் அங்கேயே போன் போட்டார். ஸ்பீக்கரை அழுத்த என்னிடம் நீட்டினார். ஒன்றுவிடாமல் சொன்னார். கண்டக்டர்கூட விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார்.

"அவன் அந்த பஸ்ஸுல போகக்கூடாது," என்றார் அம்மா கடைசியில். "உன் சோலியை நான் வந்து பேசிக்கிறேன்."

பழனிக்குமார் இறங்கினார். பானட்டைப் பார்த்தார். பாதி கண்ணாடி, பாதி வலை, நடுவில் வெள்ளையாகக் காய்ந்த பசை. சின்னக்கருப்பன் அவருக்காக முன்கதவைத் திறந்து பிடித்தார். அவர் அதைக் கவனிக்காமல் பின்கதவைத் தானே திறந்து, பையை வைத்து, முதலாளியம்மா உட்காருகிற இடத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மெதுவாப் போங்கண்ணே," என்றார். "புது வண்டி."