நானூறு கட்டையும் பதினாறு மைலும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எஞ்சின் ஓட்டத் தெரியாத ஒருவன் எஞ்சினைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தப் பத்திரிகைப் பகுதியில் இதுவரை பல்வலி, மூட்டைப்பூச்சி, ஓட்டைக் குடை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தவற்றையே எழுதி வந்தேன். நீங்களும் பொறுத்துக்கொண்டீர்கள். படிப்பு எனக்குப் பள்ளிக்கூடத்தோடு சரி. மலையில் நடக்கும் அணை வேலைக்கு விறகு அளந்து கொடுப்பது உத்தியோகம். நாலு பேர் கூடினால் ஐந்தாவது ஆளாகத் தூணுக்குப் பின்னால் நிற்கிறவன். இருந்தாலும் போன வாரம் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை... விறகு சம்பந்தப்பட்டது அல்லவா?

ரோட்டில் தானாக ஓடும் நீராவி எஞ்சின் ஒன்று ரயிலில் வந்து இறங்கியது. அதை மலையடிவாரத்தில் அணை வேலைக்காரர்கள் தங்கும் லோயர் கேம்ப் வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, சின்னமனூர் என்று ஒவ்வோர் ஊரிலும் விறகு வாங்கிப் போட்டுக்கொண்டே வந்தோம். உத்தமபாளையம் வரை ஒரு தொல்லையும் இல்லை.

அங்கே ஆரம்பித்தது.

அதற்கு மேலே காய்ந்த விறகு கிடையாது. சுண்ணாம்பு சுடும் காளவாய்க்காரர்கள் கம்பம், கூடலூர் வட்டாரத்தை வழித்துத் துடைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்ததை மழை நனைத்துவிட்டது. தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஆறு கூடவே வந்தது. விறகுக்குத்தான் வழியில்லை. உத்தமபாளையத்தில் எங்கள் கையில் இருந்தது நானூறு கட்டை. லோயர் கேம்ப்புக்குப் பதினாறு மைல்.

எஞ்சின் மைலுக்கு நாற்பது கட்டை தின்னும். இது என் கணிப்பு — சின்னமனூரிலிருந்து ஒவ்வொரு மைல்கல்லிலும் அடுக்கை எண்ணி எண்ணிக் கண்டது. எஞ்சினில் தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாய் இருக்கிறது. நீராவிக்கு முள் இருக்கிறது. விறகு எவ்வளவு மிச்சம் என்று காட்ட மட்டும் ஒன்றும் கிடையாது. அதற்கு என்னைப் போல் ஓர் ஆள் வேண்டும்.

நானூறு கட்டைக்குப் பத்து மைல். மீதி ஆறு மைல்?

அதற்குத்தான் ஆறு ஜோடி மாடுகள் கூட வந்தன. அவற்றை ஓட்டி வந்தவர்களுக்குத் தலைவர் மொக்கையன். பத்து மைல் தீ, ஆறு மைல் மாடு. ஆகப் பதினாறு. கணக்கு எவ்வளவு அழகாக உட்கார்ந்தது, பார்த்தீர்களா? அழகாக உட்காரும் கணக்கைக் கண்டால் நான் இப்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுகிறேன்.

எஞ்சினை ஓட்டியவன் சவரிமுத்து. உண்மையில் அவன் டிரைவர் இல்லை, தீப் போடுகிற ஆள். கேம்ப்பில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்குப் பல வருஷம் தீப் போட்டவன். கேம்ப்பை நடத்தும் வெள்ளைக்காரத் துரை அவனிடம் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எஞ்சின் தன் தீயிலேயே கேம்ப்புக்குள் வந்தால் அவன் டிரைவர். மாட்டுக்குப் பின்னால் வந்தால் மதராஸிலிருந்து வேறு டிரைவர் வருவார். சவரிமுத்து திரும்பவும் கரி வாரப் போகலாம்.

டிரைவருக்குக் கேம்ப்பில் ஓர் அறை உண்டு. தீப் போடுகிறவனுக்குக் கிடையாது. அவன் மனைவியும் கைக்குழந்தையும் ராயப்பன்பட்டியில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். மாமனார் வாரம் ஒரு தடவை, "மாப்பிள்ளைக்கு வீடு எப்ப வரும்?" என்று கேட்பாராம். கேட்கிற விதத்தில் கேட்பாராம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாடுகளைப் பூட்டிக் கிளம்பினோம். எஞ்சினில் தீயை அணைக்கவில்லை. பாய்லர் ஆறிவிட்டால் மறுபடி சூடேற்ற நூறு கட்டைக்குக் குறையாது. அதனால் சின்னதாக ஒரு தீயை வைத்துக்கொண்டு முதல் ஆறு மைலை மாட்டை வைத்து இழுப்பது, கடைசிப் பத்து மைலை எஞ்சினே ஓடுவது என்று திட்டம்.

எஞ்சின் புஸ்ஸென்றால் மாடு மிரளும் என்று நீளமான சங்கிலி போட்டிருந்தார் மொக்கையன். அவருக்கு எஞ்சினைக் கண்டாலே இளக்காரம்.

"என் மாட்டுக்குப் பசியா இல்லையான்னு விலாவப் பாத்தே சொல்லிப்புடுவேன்யா. இந்த இரும்பெருமைக்கு விலா எங்கன இருக்கு?"

"எருமை கிருமைன்னு பேசாதீக, மொக்கையண்ணே" என்றான் சவரிமுத்து.

"பின்ன என்னலே? நாங்க இழுக்குறோம், அது சாய்வா உக்காந்து சுருட்டுப் பிடிச்சுக்கிட்டு வருது. உன் மாமனார் மாதிரி."

மாட்டுக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சவரிமுத்துவும் சிரித்தான். நான் மட்டும் சிரிக்கவில்லை. அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

முதல் மைல்கல்லில் எண்ணினேன். பதினைந்து கட்டை குறைவு. இரண்டாவது கல்லில் இன்னொரு பதினைந்து. எஞ்சின் ஓடவே இல்லை, மாடு இழுக்கிறது — விறகு எங்கே போகிறது? அந்தச் சின்னத் தீக்குத்தான்! சும்மா சூடாக இருப்பதற்கு மைலுக்குப் பதினைந்து கட்டை. ஓடுவதற்கு விறகு வேண்டும் என்று எண்ணிய நான், ஓடாமல் இருப்பதற்கும் வேண்டும் என்பதை எண்ணவில்லை.

உடனே சொன்னேனா? சொல்லவில்லை. சுற்றிலும் வேடிக்கை பார்க்கிற கூட்டம். மாட்டுக்காரர்கள் ஆறு பேர். கணக்கு தப்பு என்று அத்தனை பேர் முன்னால் எப்படி வாயைத் திறப்பது? மூன்றாவது கல்லில் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு நாலாவது கல்லில்... ஆறாவது கல்லில், கம்பம் எல்லையில் மாட்டை நிறுத்தியபோதுதான் சவரிமுத்துவைத் தனியாக அழைத்தேன்.

"தம்பி, முந்நூற்றுப் பத்துத்தான் இருக்கு. நானூறு வேணும்."

அவன் முகம் மாறவில்லை. "தெரியும்ணே" என்றான். "ரெண்டாவது கல்லுலயே தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க ஏன் சொல்லல?"

இரண்டு பேரும் அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வாயை மூடிக்கொண்டிருப்பதற்கும் விறகு செலவாகிறது — அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறு கட்டை குறைகிறது. வழியில் நின்றுபோனால் கடைசி இரண்டேகால் மைலை மாட்டுக்குப் பின்னால் போக வேண்டியதுதான். மாடு இன்னும் மூன்று மைல் தாங்கும், அதற்கு மேல் ஓய்வில்லாமல் ஓரடி இழுக்காது என்று மொக்கையன் சொல்லிவிட்டார். அந்த மூன்று மைலிலும் அடுக்கு பதினைந்து பதினைந்தாகக் கரைந்தால்? கணக்கு அப்போதும் உட்காரவில்லை.

பக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் பெரிய அண்டாவில் நெல் அவிந்துகொண்டிருந்தது. அவிக்க வேண்டிய அம்மாள் அடுப்பை விட்டுவிட்டு எங்கள் எஞ்சினைப் பார்க்க வந்து நின்றாள். நெடுநேரமாகவே நின்றாள்.

எனக்கு அடுப்பைப் பற்றிக் கவலை. "அடுப்பு அணைஞ்சிராதா, ஆத்தா?"

"அது உமிய்யா! விறகா அணைய? நான் சுருளி அருவிக்குப் போயிக் குளிச்சிட்டு வந்தாலும் அது பாட்டுக்குக் கனிஞ்சிக்கிட்டுக் கெடக்கும்."

நான் சவரிமுத்துவைப் பார்த்தேன். முற்றத்து மூலையில் உமி ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது.

"வேணாம்ணே" என்றான் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "எஞ்சினுக்குப் போயி உமியா? தீக்கு அடியில இருக்குற கம்பி இடுக்கெல்லாம் அடைச்சிக்கிரும். துரை கேட்டாகன்னா?"

"எஞ்சின் ஓடுதான்னுதான் துரை கேப்பாரு. என்ன தின்னுச்சுன்னா கேப்பாரு?" என்றேன். இப்படிப் பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். ஆனால் விறகு விஷயத்தில் எனக்குத் தயக்கம் கிடையாது. "மாடு இழுக்குற மூணு மைலும் தணல் மேல உமியைப் போட்டு மூடி வை. ஒரு கட்டை போடாதே. பிறகு சாம்பலைக் கிளறித் தட்டிவிட்டு விறகு போடு. மறுபடி ஸ்டீம் ஏற்ற இருபது கட்டை. ஏழு மைலுக்கு இருநூற்றெண்பது. பத்துக் கட்டை மிஞ்சும்."

"அடைச்சிக்கிட்டா?"

"அடைச்சா எடுத்துவிடுவோம். விறகு தீர்ந்தா எதை எடுத்துவிடுவே?"

அவன் தணலை ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு கூடையை எடுத்தான்.

உமிக்கு என்ன வேண்டும் என்று அந்த அம்மாளைக் கேட்டேன். "ஒண்ணும் வேணாம். ஒருக்காத் தொட்டுப் பாத்துக்கிறேன்" என்றாள். சொல்லிக்கொண்டே பாய்லரில் விரலை வைத்துவிட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஆத்தாடி! உசுரோடல்ல இருக்கு!"

மூன்று மைலும் எஞ்சின் புகைந்து புகைந்து வந்தது. மொக்கையன் இருமிக்கொண்டே, "சுருட்டை விட்டுப்புட்டு சாம்பிராணிக்கு மாறிருச்சுய்யா" என்றார். நான் அடுக்கை எண்ணினேன். முந்நூற்றுப் பத்து. அடுத்த கல்லிலும் முந்நூற்றுப் பத்து. அதற்கடுத்த கல்லிலும்! ஒரு எண் மாறாமல் நிற்பதைப் பார்ப்பது எவ்வளவு பெரிய சந்தோஷம் தெரியுமா?

மாடுகளை அவிழ்த்தோம். கம்பி இடுக்கு அடைத்துத்தான் இருந்தது. சவரிமுத்து அரை மணி நேரம் கம்பியால் குத்திக் குத்திச் சாம்பலைத் தள்ளினான். ஏசுவே, மாதாவே என்று முணுமுணுத்துக்கொண்டே தள்ளினான். பிறகு காற்றுப் பிடித்தது. தீ எழுந்தது. முள் மெதுவாக ஏறியது. எஞ்சின் ஒரு தடவை குலுங்கிவிட்டு நகர்ந்தது.

மாடுகளை ஓட்டிக்கொண்டு மொக்கையன் எங்கள் பின்னாலேயே வந்தார். "நின்னுட்டீகன்னா என்ன செய்வீக? அதுக்குத்தான்" என்றார். கூடலூர் தாண்டும்போது, அவர் வந்தது நாங்கள் நிற்பதைப் பார்க்கவா, நிற்காமல் போவதைப் பார்க்கவா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

லோயர் கேம்ப் தெரிந்தபோது சூரியன் மலைக்கு மேல் ஒரு முழம் இருந்தது. ஊதலை ஊதி எல்லாரையும் கூப்பிட வேண்டும் என்று சவரிமுத்துவுக்குக் கை துறுதுறுத்தது. ஊதலுக்கும் ஸ்டீம் செலவாகுமே! வேண்டாம் என்றேன். சத்தமில்லாமல் கேம்ப்புக்குள் நுழைந்து ஷெட்டுக்கு எதிரில் நின்றோம். பதினொரு கட்டை மீதம். என் கணிப்பை விட ஒன்று கூடுதல்.

யாரும் வரவில்லை. ஊதவில்லையே, யாருக்குத் தெரியும்? கொஞ்ச நேரம் கழித்துத் துரை வெளியே வந்தபோது, எஞ்சின் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஆறு ஜோடி மாடுகள், சங்கிலியோடு.

துரைக்குத் தமிழில் கேள்வி கேட்க நன்றாக வரும். பதில் வரும்வரை காத்திருக்கத்தான் வராது.

"மாடு இழுத்ததா?"

துரை திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் தீ உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கை அங்கே எண்ணிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

"ஒன்பது மைல் மாடு இழுத்தது, துரை" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "கடைசி ஏழு மைல் தீயில் வந்தது. கேம்ப்புக்குள் வந்ததும் தீயில்தான்."

துரை நின்றார். "நான் பார்க்கவில்லை."

"இப்போது பார்க்கலாம், துரை. பதினொரு கட்டை இருக்கிறது."

"எவ்வளவு தூரம் போகும்?"

ரோட்டைப் பார்த்தேன். நாற்பது கட்டைக்கு ஒரு மைல். பதினொன்றுக்குக் கால் மைலும் கொஞ்சமும். கால் மைலில் ஒரு புளியமரம் நின்றது.

"அந்தப் புளியமரம் வரைக்கும், துரை."

"அதற்கு மேல்?"

"போகாது, துரை."

சவரிமுத்து பதினொரு கட்டைகளையும் உள்ளே போட்டான். பற்றி எரியும் வரை துரை சட்டைப்பைக் கடியாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சின் கிளம்பியது. துரை கூடவே நடந்தார், நானும் நடந்தேன், எங்களுக்குப் பின்னால் கேம்ப்பே நடந்தது. பாதி தூரத்தில் வேகம் குறைந்தது. முள் இறங்கியது. சவரிமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்சக்கரம் மரத்தைத் தாண்டியது. பின்சக்கரம் மரத்துக்கு நேராக வந்தது... பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். நின்றுவிட்டது.

துரை மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சவரிமுத்துவிடம், "நாளைக் காலையில் வந்து சாவி வாங்கிக்கொள்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் சனிக்கிழமை மழை பெய்தது. சவரிமுத்து அறைச் சாவியை வாங்கிக்கொண்டு ராயப்பன்பட்டிக்கு ஆள் அனுப்பினான். எஞ்சினை மரத்தடியிலிருந்து ஷெட்டுக்கு மொக்கையனின் மாடுகள் இழுத்து வந்தன.