யோகமலர் அக்கா பெயர் கொடுக்க மறுத்த சப்பாத்து

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் புறப்படும் நேரத்தில் கிழக்கு லண்டன் செவன் கிங்ஸிலிருந்து தொலைபேசி வந்தது. யோகமலர் அக்காவின் தம்பி பேசினார். "அண்ணை, அக்கா மோசம் போயிட்டா. நித்திரையிலைதான் உயிர் போனது." ஒரு காலில் சப்பாத்தோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து பொறியியல் படிக்க லண்டன் வந்தவர். கல்லூரி மலையேறும் கழகத்தில் சேர்ந்து பனிச்சறுக்குப் பழகினார். லண்டனின் ஹரோ பகுதியில் தனியே குடியிருந்தார். ஊரில் ஆங்கிலம் படிப்பித்த நான், எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்து, மலையேறும் சாமான் விற்கும் கடையொன்றில் விளம்பரத் தாள் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே சப்பாத்துகளைப் பரிசோதிப்பவர் அக்கா.

முதல் நாள், மழைத் தூறலில், கடையின் பின்புறத்து இரும்புப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். இடக்காலில் ஒரு சப்பாத்து, வலக்காலில் வேறொன்று.

"சோடி மாறிப் போச்சோ அக்கா?"

"மாறேல்லை. ரெண்டையும் ஒரே நேரத்திலை போட்டால்தான் கால் உண்மையைச் சொல்லும்."

ஆட்களை மேலே கொண்டுபோகும் லிப்ட் இல்லாத பனிமலையில் தாமே ஏறி, பிறகு சறுக்கி இறங்குபவர்களுக்கான சப்பாத்துகள் அவை. ஏறும்போது பாரமில்லாமல் கணுக்காலை மடங்கவிட வேண்டும். இறங்கும்போது அதே கணுக்காலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். "ஏறேக்கை எல்லாரும் புகழுவினம். இறங்கேக்கைதான் எலும்பு முறியும்" என்பார்.

ஒரு வருடம் மிகவும் பாரம் குறைந்த புதுச் சப்பாத்து வந்தது. முதலாளி ஆசைப்பட்டு நிறையவே வரவழைத்துவிட்டார். அக்கா அதைப் படிகளில் ஏறிப் பார்த்தார். சனிக்கிழமை, நகர எல்லையில் பனிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தூரிகை விரித்த செயற்கைச் சறுக்குச் சரிவில் இறங்கியும் பார்த்தார். "ஏறுவதற்கு இதைவிட நல்லது நான் போட்டதில்லை. வேகமாக இறங்கும்போது கணுக்காலைக் கைவிடுகிறது" என்று விளம்பரத் தாளுக்குத் தன் பெயரோடு எழுதித் தந்தார். முதலாளி சொன்னபடி நான் பின்பாதியை, "இறங்கச் சற்றுப் பழக்கம் தேவை" என்று மாற்றினேன். கீழே அவர் பெயர் அப்படியே இருந்தது.

அச்சான தாளோடு என் மேசைக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"இதை ஆர் மாத்தினது?"

"நான்தான் அக்கா. முதலாளி சொன்னவர்."

"வேலை போயிடுமெண்டு பயந்திருப்பீர், விளங்குது. ஆனா தம்பி, இதை நம்பி ஒருத்தர் மலை உச்சியிலை போய் நிப்பார். அவருக்கு ஆர் சொல்லுறது?"

அக்கா நேரே முதலாளியின் அறைக்குப் போனார். "என் வசனத்தைப் போடுங்கள், அல்லது என் பெயரை எடுங்கள். அதற்கு முதல் நீங்களே ஒருமுறை இதைப் போட்டு இறங்கிப் பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னது எனக்கும் கேட்டது.

முதலாளியும் நன்றாகச் சறுக்குபவர்தான். அடுத்த சனிக்கிழமை மூவரும் அதே சரிவுக்குப் போனோம். முதல் தடவை சிரித்துக்கொண்டே இறங்கினார். இரண்டாம் தடவை வேகம் பிடித்துத் திரும்பியபோது விழுந்து, கட்டைவிரல் முறிந்தது. கையைத் தாங்கிக்கொண்டு, "சரி" என்று மட்டும் சொன்னார். திங்களன்று அந்தச் சப்பாத்துப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினோம்.

அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது, "விடும். அடுத்தது மேசையிலை கிடக்குது, வாரும்" என்றார். அதன்பின் பல வருடம் சேர்ந்து வேலை செய்தோம். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

ஞாயிறு நடந்த இறுதிச் சடங்கில், உறவினர்களுக்குப் பின்னால் பனிமலை வெயிலில் கறுத்த முகங்களோடு சில வெள்ளைக்காரர் நின்றார்கள். அவர்களில் ஒரு முதிய மாது என்னிடம் வந்தார். அக்கா மூன்று வருடம் அவருக்குச் சப்பாத்து விற்க மறுத்தாராம். "என் முழங்கால் இன்னும் தயாரில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். நான்காம் வருடம் விற்றுவிட்டு, கூடவே மலைக்கும் வந்தார்." பிறகு அவர் கையுறையைக் கழற்றி, சவப்பெட்டியின் விளிம்பில் சற்று நேரம் கையை வைத்திருந்தார்.

அவருக்கு அடுத்ததாக நானும் கையை வைத்தேன் அக்கா. போய்வாருங்கள்.