கட்டுரையின் அடியில் ஒரு பெயர்

சாய்ந்தமருதில் பெண்கள் யாராவது மவுத்தானால், முதலில் ஆள் ஓடுவது சரீபாவின் வீட்டுக்குத்தான். உயிர்போன மையித்தைக் குளிப்பாட்டுவது, சுற்றக் கபன் துணி வெட்டுவது, கற்பூரம் போடுவது எல்லாம் அவள் கையால்தான். கூலி வாங்கமாட்டாள். தேநீர்கூடக் குடிக்காமல் வந்துவிடுவாள். நான் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. எந்த மையித்தின் உடம்பில் என்ன கண்டாள் என்று அவள் ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. நான் கிண்டிக் கேட்காமலும் இருந்ததில்லை.

"றுக்ஸானா, அது அமானிதம், நம்பி ஒப்படைச்சது. கண்டத்த அங்கேயே கழுவிப் போட்டுட்டு வந்திரணும்" என்பாள்.

அந்த வாயைத் திறக்க வைத்தது ஒரு பள்ளிக்கூடக் கட்டுரை.

சஹ்லா, சரீபாவின் தங்கை மகள். உயர்தர வகுப்பில் கலைப்பிரிவு. கெட்டிக்காரப் பிள்ளை, அதை நான் மறுக்கமாட்டேன். சுனாமி வந்து இருபது வருடம் ஆகப் போகிறது என்று வரலாற்று ஆய்வுக் கட்டுரைப் போட்டி ஒன்று வைத்தார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் அலை எவ்வளவு உயரம், வீடு எத்தனை போனது என்று எழுதிக்கொண்டிருக்க, இவள் மட்டும் ஊர் தன் மையித்துகளை எப்படி அடக்கியது என்று கேட்கக் கிளம்பினாள். பள்ளிவாசலில் கேட்டாள், குழி வெட்டியவர்களைத் தேடிப்போய்க் கேட்டாள். கடைசியில் பெரியம்மாவிடம் வந்தாள்.

நான் அப்போது அங்கேதான் இருந்தேன், சரீபாவோடு இறால் உரித்துக்கொண்டு. முதலில் அவள் குனிந்து இறாலையே உரித்தாள். பிள்ளை விடவில்லை.

"வல்லாஹி பெரியம்மா, உங்கட பேர் எங்கேயும் வராது. நான் எழுதமாட்டன்."

அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுச் சொன்ன பிறகு யார்தான் நம்பமாட்டார்கள்? சரீபா இறாலைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினாள்.

சுனாமி வந்த அன்று பின்னேரம் குளிப்பாட்ட நேரமும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை. கிணறெல்லாம் உப்பு. மௌலவிமார் பரவாயில்லை, நிர்ப்பந்தம் என்றார்கள். பெட்ஷீட்டிலும் சாரத்திலும் சுற்றிக் குழிக்குள் வரிசையாக வைத்தார்கள். அதில் ஒன்று உம்முவின் மகள் ஹஸ்னா, பாலர் வகுப்புப் பிள்ளை. உம்மு சரீபாவின் சிநேகிதி. சின்ன வயதில் ஒரே பாயில் குர்ஆன் ஓதினவர்கள். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த உம்மு, வீட்டுக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ட புள்ளயக் குளிப்பாட்டினியா?"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள் சரீபா. "இளஞ்சூட்டுத் தண்ணியில குளிப்பாட்டினன், முடிய மூண்டாப் பின்னி விட்டன், வெள்ளைக் கபன் போட்டன் எண்டு. உண்மையில, அந்தப் புள்ளட முடி முழுக்க மண்ணுகா. தட்டி விடக்கூட நேரம் கிடைக்கல்ல."

உம்மு அந்தப் பின்னலைச் சொல்லாத மையித்து வீடு இந்த ஊரில் இல்லை. யார் பிள்ளையை இழந்து அழுதாலும், "என்ட புள்ளயும் குளிச்சி, முடி பின்னித்தான் போனா, சரீபாதான் பின்னினா" என்று சொல்லி, தானும் ஆறி அவர்களையும் ஆற்றுவாள். அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடந்தாள். அது பொய் என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். மூடத் தெரியாதவள் என்று என்னைச் சொல்வார்கள், நான் மூடினேன்.

சஹ்லா முதலில் எழுதியது என்னவோ ஒழுங்காகத்தான். 'பெயர் கூற விரும்பாத ஒருவர்' என்று போட்டிருந்தாள். அவளுடைய வரலாற்று ஆசிரியர் அஸீம் சேர் அதைச் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆதாரம் இல்லாத வரி ஊர்க்கதை, வரலாறில்லை. பெயர் போடாவிட்டால் புள்ளி குறையும் என்றாராம். சொன்னவர் விரும்பாவிட்டால் பெயரை மறைத்துக் காரணத்தை எழுதலாம் என்று போட்டி விதியிலேயே இருந்ததாம். அந்தப் பக்கத்தை வாசிக்க அவருக்கு நேரமில்லை. இவளுக்கும் முதலிடத்தைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

முதலிடம் கிடைத்தது. கட்டுரையைப் புத்தகமாக அடித்து, நினைவு நாளில் வீடு வீடாகக் கொடுத்தார்கள். அன்று பின்னேரம் சஹ்லா ஒரு பிரதியோடு ஓடி வந்து, சரீபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். 'அன்று அடக்கப்பட்ட பெண்களும் பிள்ளைகளும் குளிப்பாட்டப்படவில்லை. பின்னர் ஒரு தாய் கேட்டபோது, குளிப்பாட்டி முடி பின்னியதாக அவருக்கு ஆறுதல் சொல்லப்பட்டது.' உம்முவின் பெயர் இல்லை. சரீபாவுக்கு மூச்சு வந்தது.

"கீழ சின்ன எழுத்தில என்ன கிடக்கி?" என்று நான்தான் கேட்டேன்.

பிள்ளை கொஞ்சம் தயங்கித்தான் வாசித்தாள். 'சரீபா, மையித்துக் குளிப்பாட்டுபவர், சாய்ந்தமருது. நேரில் கேட்டது.'

தாயின் பெயரை மறைத்து என்ன பயன்? சரீபாவிடம் கேட்ட தாய் யார் என்று அந்தத் தாய்க்குத் தெரியாதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

"எல்லாத்துக்கும் கீழ ஆதாரம் எழுதியிரிக்காய் மகள்" என்றாள் சரீபா. குரல் உயரவில்லை. "நீ வல்லாஹி எண்டு சொன்னியே, அத எங்க எழுதின?"

"சேர்தான் பெரியம்மா..."

"நான் சேருக்கிட்ட சொல்லல்ல. உனக்கிட்டத்தான் சொன்னன்."

சஹ்லா அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றுவரைக்கும் வரவில்லை. ஊர் முழுக்கக் கொடுத்த புத்தகத்தை எந்தக் கண்ணீர் திருப்பி வாங்கும்?

மறுநாள் காலை உம்மு வந்தாள். முறிந்து பொருந்திய காலை இழுத்து இழுத்து வந்து, உள்ளே வராமல் கதவடியிலேயே நின்றாள். மருமகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்து நான் சரீபாவின் பக்கத்தில் போய் நின்றேன். அவள் திட்டவில்லை.

"முடி பின்னல்லியா சரீபா?"

இல்லை என்று சரீபா தலையை மட்டும் ஆட்டினாள்.

"குளிக்காமப் போனது அல்லாஹ்ட நாட்டம். அதுக்கு நான் உன்னக் குறை சொல்லமாட்டன். எனக்கிட்டச் சொல்ல முடியாதத ஒரு பள்ளிக்கூடப் புள்ளைக்கிட்டச் சொல்லியிரிக்காய். ஊரே வாசிச்ச மறுகாத்தான் எனக்குத் தெரியிது. எத்தின வீட்டில சொல்லியிரிப்பன், அந்தப் பின்னல!"

சரீபா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உம்மு கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் மவுத்தானா நீதான் குளிப்பாட்டணும் எண்டு மருமகளுக்கிட்டச் சொல்லி வெச்சிருந்தன். இண்டைக்கு அத மாத்திச் சொல்லிப்போட்டுத்தான் வாறன். வேற ஆரும் குளிப்பாட்டட்டும். நீ வராத."

சரீபா வழிந்த கண்ணைத் துடைக்கவில்லை.

"ஓம்" என்றாள்.